காலையில் குறையும் சரக்கு

அத்தர் கடைக்கு வருகிறவர்களை யூனுஸ் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். மணக்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஒரு வகை, நாற்றத்தை மறைக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை பேரம் பேசியே உயிரை எடுக்கும். இரண்டாவது வகை சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தபடி நடையைக் கட்டும். அதனாலேயே இரண்டாவது வகைமேல் அவருக்குப் பிரியம் ஒரு பிடி அதிகம்.

வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை பகலில் வந்தவர் இரண்டாவது வகை. அறுபதை நெருங்கிய வயது, துவைத்துத் துவைத்து நீலம் வெளுத்த சட்டை. கண்ணாடி அலமாரிக்கு இரண்டடி தள்ளியே நின்றுகொண்டு கேட்டார்.

"ஸ்பிரிட்டு வாடைய அமுக்குற மாதிரி எதாவது இருக்குங்களா?"

யூனுஸின் மூக்கு முப்பது வருடத் தொழில் மூக்கு. அது பொய் சொல்லாது. ஆளிடமிருந்து வந்தது அசல் ஸ்பிரிட் வாடை. பகல் பன்னிரண்டு மணிக்கே ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டில் மாட்டாமல் இருக்க வழி தேடுகிறார் என்று முடிவு கட்டியவர், "புதுச் சரக்கு ஒண்ணு வந்திருக்கு, மல்லி. பக்கத்துல யானை நின்னாலும் தெரியாது" என்று குப்பியை எடுத்தார்.

"பாய், அந்த வாடை வாயிலேருந்து வருதா, சட்டையிலேருந்து வருதான்னு பாத்தீங்களா?" என்று மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலி கேட்டது.

நாற்காலியில் இருந்தவர் கமலாம்பாள். கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவர். பிடிபட்ட சாராயத்தையும் சந்தேகப்பட்ட மருந்தையும் பரிசோதிக்கும் அரசாங்கக் கூடம் ஒன்றில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநாலு வருடம் சாராயம் மோந்தவளை எவன் கட்டிக்கொள்வான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள யூனுஸுக்கு ஏனோ முடிந்ததில்லை. தினமும் மத்தியானம் கீழே வந்து உட்காருவார். மாடியில் வெயில் தாங்கவில்லை என்பார். மார்கழியிலும் அதே காரணம்தான்.

யூனுஸ் குனிந்து இன்னொரு முறை மோந்தார். வாயில் வெற்றிலை. வாடை முழுக்க சட்டைக் கையிலும் விரல்களிலும் இருந்தது. கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வந்தவர் பெயர் கோவிந்தராசு. நீடாமங்கலம் பக்கத்தில் பஞ்சநதம் என்பவருடைய அரிசி ஆலை, அதை ஒட்டிய கிட்டங்கியில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் சானிடைசர் தயாராகிறது. கலப்பது, பாட்டிலில் நிரப்புவது, ராத்திரியில் காவல், எல்லாம் கோவிந்தராசு ஒருவர்தான். படுக்கையும் அங்கேயே.

"ஒரு காலத்துல குடிச்சேங்க. மறைக்கல. அதனாலதான் என் மக சுடர்விழி என்னை விட்டுட்டுப் போச்சு. தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில நர்சா இருக்கு. விட்டு எட்டு வருசம் நாலு மாசம் ஆவுதுங்க. போன தையிலதான் மொதமொதல்ல போன் பண்ணுச்சு. வாரம் ஒரு தடவ பேசும். இப்ப நாப்பது நாளா பேசல. நான் கூப்புட்டாலும் எடுக்கல."

அது போதாதென்று முதலாளி வேறு. கிட்டங்கியில் ஸ்பிரிட் குறைகிறது. கணக்கு எளிது. பத்து லிட்டர் கேனில் ஏழு கேன் ஸ்பிரிட், மூன்று கேன் தண்ணீர். நூறு லிட்டர் வரவேண்டும். சாயங்காலம் கலந்து முடித்ததும் டேங்கின் கண்ணாடிக் குழாயில் பார்த்தால் தொண்ணூற்று எட்டு. மறுநாள் காலையில் தொண்ணூற்று ஏழு. ஒவ்வொரு முறையும் மூன்று லிட்டர் மாயம். பஞ்சநதம் புதுப் பூட்டு வாங்கி மூடியையும் திறப்புக் குழாயையும் தானே பூட்டினார், மேலே நூல் சுற்றி அரக்கு வைத்தார். அரக்கு உடையவில்லை, நூல் அறுபடவில்லை. காலையில் ஒரு லிட்டர் குறைந்துதான் இருந்தது. ராத்திரி அங்கே இருப்பது ஒரே ஆள். அந்த ஆள் பழைய குடிகாரர். சனிக்கிழமைக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

"போலீசு கெடக்கட்டுங்க. பேப்பர்ல வந்தா அது படிக்கும். அதுக்கு முன்னாடி நேர்ல ஒரு தடவ அது வாசல்ல போய் நின்னுடணும். இந்த வாடையோட போனா கதவத் தொறக்குமா? அதான் செண்ட்டு கேட்டேன்."

யூனுஸ் குப்பியை நீட்டினார். விலை சொல்ல வாய் வரவில்லை. அவருடைய கடை வரலாற்றில் அது முதல் முறை.

கமலாம்பாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "கடைசியா மக பேசினப்போ என்ன நடந்துச்சு? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

"ஒண்ணும் நடக்கலைங்களே. அது சாயங்காலமா கூப்புட்டுச்சு. ‘கொஞ்சம் இரும்மா, சரக்கு கலந்துக்கிட்டு இருக்கேன், முடிச்சிட்டுக் கூப்புடுறேன்’னேன். வச்சிடுச்சு. அதோட சரி."

கமலாம்பாள் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். யூனுஸுக்கு இதில் துப்பு எதுவும் தெரியவில்லை. வேலை நேரத்தில் கூப்பிட்டால் யாரும் அப்படித்தானே சொல்வார்கள்.

*

பஞ்சநதம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அத்தர் கொடுத்த பழக்கம் யூனுஸுக்கு உண்டு. அந்த உரிமையில் வியாழக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. வழியெல்லாம் வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. யூனுஸ் வழிநெடுக மூன்று திருடர்களைப் பிடித்தார். ஒருவன் டேங்கில் ஊசித் துளை போட்டவன். இன்னொருவன் மெல்லிய ரப்பர் குழாயால் உறிஞ்சியவன். மூன்றாவது, முதலாளியின் மகன் ராகுல். மறுசாவி அவனிடம் இருக்குமாம்.

"ஆவியா போயிருக்கலாம்ல மேடம்?" என்று நாலாவதாக ஒரு திருடனையும் கொண்டுவந்தார்.

"மூடி இறுக்கமா இருக்கணும். அது சரியா இருந்தா அவனை விட்டுடலாம்" என்றார் கமலாம்பாள்.

கிட்டங்கி நெடுக வெயில் தகிக்கும் தகரக் கூரை. நடுவில் ஆள் உயர எஃகு டேங்க், ரப்பர் பட்டை வைத்து முறுக்கிய மூடி, பூட்டு, அரக்கு. மூலையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஒரே ஆளுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று யூனுஸ் நினைத்துக்கொண்டார். தன் வீட்டு அலமாரியிலிருந்தும் இப்போது வெளியே எடுத்து வைத்திருப்பது ஒரு தட்டுதான் என்பது நினைவுக்கு வந்தது. மகன்கள் சார்ஜாவில் இருந்து வெள்ளிக்கிழமை பேசுவார்கள்.

பஞ்சநதம் பருத்த மனிதர். நியாயம் பேசுகிறவர்களுக்கே உரிய சத்தம். புதன்கிழமை சாயங்காலம் கலந்த சரக்கு தொண்ணூற்று எட்டு, இன்று காலை ஆறு மணிக்குத் தொண்ணூற்று ஏழு என்று குழாயில் இருந்த மைக்கோட்டைக் காட்டினார். ஸ்பிரிட் என்பது அரிசி இல்லை, ஒவ்வொரு லிட்டருக்கும் லைசென்ஸ் கொடுத்தவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், தான் போய் ஜெயிலில் உட்கார முடியுமா என்று கேட்டார். கேட்டது தப்பில்லை என்றே யூனுஸுக்குப் பட்டது.

கமலாம்பாள் டேங்கின் மேல் கை வைத்துப் பார்த்தார். "கலந்த உடனே தொட்டா இது வெதுவெதுன்னு இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா?"

முதலாளிக்குத் தெரியவில்லை. இருக்கும் என்றார் கோவிந்தராசு. அடுப்பில்லாமல் சூடு ஏறுவதைப் பார்த்து முதல் நாள் தான் பயந்துபோனதையும் சொன்னார்.

"ஸ்பிரிட்டை நீங்களே கலக்குறது எப்பலேருந்து?"

முன்பெல்லாம் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டாகவே லாரியில் வந்ததாம். தண்ணீருக்கு எதற்கு வாடகை கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, தை மாதத்தில் இருந்து காட்டமான ஸ்பிரிட்டாக வாங்கி இங்கேயே கலக்க ஆரம்பித்தார்கள். கெமிஸ்ட் ஒருவர் உண்டு. மாதம் ஒருநாள் வந்து கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார்.

"கோவிந்தராசு தையிலேயே வந்துட்டாரா?"

"இல்ல, மாசியில. தையில கலியபெருமாள்னு ஒருத்தன் இருந்தான். அவனையும் இதே விசயத்துக்குத்தான் வெளிய அனுப்பினேன்."

"அவர் எவ்வளவு எடுத்தார்?"

"அதே மூணு லிட்டர்தான். நெத்தி நெறைய பட்டை, கழுத்துல கொட்டை, வெங்காயம்கூட சேக்க மாட்டான். அவனே கைய வச்சிட்டான்னா பாத்துக்குங்க, இந்தச் சரக்கோட மயக்கத்த."

கமலாம்பாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி வரை டேங்கைப் பார்த்தபடி எல்லோரும் இங்கேயே உட்கார வேண்டும் என்றார். அவ்வளவுதான். ஆலையில் இருந்து நாற்காலிகள் வந்தன, மோர் வந்தது, போனைப் பார்த்தபடியே ராகுலும் வந்தான். மதியத்தில் இவ்வளவு செண்ட் எதற்கு என்று யூனுஸ் அவனைச் சந்தேகமாக மோந்தார்; பெண் பார்க்கப் போகிறவன் என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது திருடனும் கையை விட்டுப் போனான்.

கூரை காய்ந்தது. முதுகில் வியர்வை இறங்கியது. மணி மூன்று.

"பஞ்சநதம், நீங்களே போய்ப் பாருங்க."

அவர் போனார். குனிந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். தொண்ணூற்று ஏழில் இருந்த மட்டம் கோட்டுக்கு மேலே ஏறி, தொண்ணூற்று ஏழே முக்காலில் நின்றது.

"பூட்டு இருக்கா? அரக்கு இருக்கா?" என்று கேட்டார் கமலாம்பாள். "ராத்திரி எடுத்தவர், பட்டப்பகல்ல நாம அஞ்சு பேர் பாத்துக்கிட்டிருக்கும்போது முக்கால் லிட்டரைத் திருப்பி ஊத்திட்டாரா? இவ்வளவு நல்ல திருடரை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

அவரே தொடர்ந்தார். ஸ்பிரிட் சூட்டில் தண்ணீரைவிட அதிகமாக விரியும், குளிரில் அதிகமாகச் சுருங்கும். சாயங்காலம் வெயிலில் காய்ந்ததோடு கலந்த சூடும் சேர்ந்து மட்டம் மேலே நிற்கும். விடியற்காலையில் ஆறிப்போய்க் கீழே இறங்கும். பஞ்சநதம் பார்த்ததெல்லாம் சாயங்காலமும் காலையும்தான். மத்தியானம் யாருமே பார்க்கவில்லை.

"அது ஒரு லிட்டருக்குக் கணக்கு. மிச்சம் ரெண்டு? கலக்கும்போதே அடிச்சிருக்கான்" என்றார் பஞ்சநதம். வியாபாரி, மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான்.

கமலாம்பாள் துணிப்பையில் இருந்து கோடு போட்ட கண்ணாடிக் குவளைகளை எடுத்தார். முதலாளியே தன் கையால் ஒன்றில் ஐம்பது மில்லி ஸ்பிரிட்டும் இன்னொன்றில் ஐம்பது மில்லி தண்ணீரும் அளந்தார். ஒன்றாக ஊற்றினார். உள்ளே பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. குவளை லேசாகச் சூடானது. மட்டம் நூறில் நிற்கவில்லை. தொண்ணூற்று ஏழு.

"கொஞ்சம் சிந்தியிருக்கும்."

ராகுலை ஊற்றச் சொன்னார்கள். தொண்ணூற்று ஏழு. யூனுஸ் ஊற்றினார். அவர் கை அத்தரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பழகிய கை, ஒரு துளி சிந்தாது. தொண்ணூற்று ஏழு.

பஞ்சநதத்தின் முகம் கண்கட்டு வித்தைக்காரனிடம் மாட்டிக்கொண்ட முகமாக இருந்தது. அம்பதும் அம்பதும் நூறு, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றார். கமலாம்பாள் அதை மறுக்காமல், ஆலையில் இருந்து ஒரு படி நிலக்கடலைப் பருப்பும் ஒரு படி எள்ளும் கேட்டார். வந்ததும் இரண்டையும் ஒரு வாளியில் கொட்டி நன்றாகக் குலுக்கச் சொன்னார்.

"இப்ப இதைப் படியால அளந்து போடுங்க."

முதல் படி நிறைந்தது. இரண்டாவது படி விளிம்புக்கு வெகுவாகக் கீழேயே தீர்ந்துபோனது. முதலாளி வாளியைக் கவிழ்த்துத் தட்டினார். ஓர் எள் விழுந்தது.

"எள்ளு எங்க போச்சு?" என்றார் கமலாம்பாள்.

பஞ்சநதம் வெகு நேரம் படியைப் பார்த்தார். நாற்பது வருடம் நெல் அளந்த கை மெல்ல உள்ளே போய்த் துழாவியது. "கடலைக்கு நடுவுல இருக்குற சந்துல பூந்துக்கிச்சு" என்றார் தணிந்த குரலில்.

"ஸ்பிரிட்டும் தண்ணியும் ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு ஒட்டிக்குற விதம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. உங்களுக்கு இது போதும். யாரும் குடிக்கல. கலியபெருமாளும் குடிக்கல, கோவிந்தராசுவும் குடிக்கல. குடிக்கிறவன், குடிக்காதவன், ரெண்டு பேரும் அளந்து வச்ச மாதிரி ஒரே மூணு லிட்டரா எடுப்பாங்க? ஆள் மாறியும் குறையுற அளவு மாறலைன்னா, ஆளை விட்டுட்டு செய்முறையைப் பாக்கணும். உங்க ஆலையில தையில மாறினது லாரியில வர்ற ஸ்பிரிட்டு. நீங்க ஆளைப் பாத்தீங்க."

இனிமேல் லிட்டரில் எழுதாமல் கிலோவில் எழுதச் சொன்னார். சுருங்கினாலும் விரிந்தாலும் எடை மாறாது. யூனுஸ் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். அத்தரை அவருடைய வாப்பா காலத்தில் இருந்தே தோலாக் கணக்கில் நிறுத்துத்தான் விற்கிறார்கள். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

கோவிந்தராசு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விடுதலையான மனிதரின் முகம் போல அது இல்லை. "ரொம்ப நன்றிங்கம்மா. ஆனா என் மக பேசாதது இதனால இல்லைங்களே. இந்தத் திருட்டுக் கதையே அதுக்குத் தெரியாது" என்றார்.

"அன்னிக்கு அதுகிட்ட சொன்னதை இவங்க முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க."

"‘கொஞ்சம் இரும்மா, சரக்கு கலந்துக்கிட்டு இருக்கேன், முடிச்சிட்டுக் கூப்புடுறேன்.’"

பக்கென்று ராகுல் சிரித்துவிட்டான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"எதுக்குப்பா சிரிச்ச?"

"இல்ல ஆன்ட்டி... சரக்கு கலக்குறேன்னா... வெளிய அது வேறல்ல."

முதலாளிக்கும் யூனுஸுக்கும் இன்னும் ஒரு விநாடி பிடித்தது. பிறந்ததில் இருந்து சரக்கு வந்திறங்கும் வீட்டில், சரக்கு தீர்ந்துபோகும் கடையில் வளர்ந்த காதுகள். நெல்லும் சரக்கு, அத்தரும் சரக்கு, இந்த டேங்கில் இருப்பதும் சரக்கு. முதலாளி சொன்ன வார்த்தை கோவிந்தராசுவின் வாயிலும் தொழில் வார்த்தையாக ஒட்டிக்கொண்டது. எட்டு வருடம் கழித்து நம்பிக்கை வைத்து, சாயங்கால நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்ட பெண்ணுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்? செவ்வாய்க்கிழமை கடையிலேயே அந்த வார்த்தை யூனுஸின் காதைத் தாண்டிப் போனது. அதற்குச் சற்று முன்னால் அவரே அதைச் சொல்லியும் இருந்தார்.

கோவிந்தராசுவின் உதடுகள் மட்டும் அசைந்தன. நாற்பது நாளை அந்த ஒரு வார்த்தைக்குள் வைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"பஞ்சநதம், உங்க போன்லேருந்து நீங்களே அந்தப் பொண்ணுகிட்ட பேசுங்க. இவர் நம்பரை அது எடுக்காது. அப்புறம் கலியபெருமாளுக்கும் ஒண்ணு பேசணும்" என்றார் கமலாம்பாள்.

பஞ்சநதம் பேசினார். நியாயம் பேசும் சத்தம் போய், தடுமாறும் சத்தம் வந்தது. தான் அரிசி ஆலைக்காரன் என்றும், இங்கே சரக்கு என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் சானிடைசர் என்றும், உங்கப்பா தொட்டதெல்லாம் கையால்தான், வாயால் இல்லை என்றும் மூன்று தடவை சொன்னார். பிறகு போனை நீட்டினார்.

கோவிந்தராசு அதைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஆமாம்மா என்றார். இல்லம்மா என்றார். வருவதாகவும், வாடை வராமல் இருக்க செண்ட் வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னார். அதற்கு அந்தப் பக்கம் என்னவோ சொன்னது. அவர் முதுகு குலுங்கியது.

வெகு நேரம் கழித்து யூனுஸிடம் வந்து, சட்டைப் பையில் இருந்து திறக்காத குப்பியை எடுத்து நீட்டினார்.

"‘செண்ட்டு எதுக்குப்பா, தெனம் என் கையும் அதே வாடையோடதான் வீட்டுக்கு வருது’ன்னு சொல்லுதுங்க."

விற்ற பொருளைத் திருப்பி வாங்குவதில்லை என்று கடையில் போர்டு மாட்டியவர் யூனுஸ். பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

*

திரும்பும் பஸ்ஸில் கமலாம்பாள் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தார். மேடத்துக்கு எப்படி அந்த வார்த்தை உடனே காதில் விழுந்தது என்று யூனுஸ் கேட்டார்.

"முப்பத்துநாலு வருசம் அந்த வார்த்தைக்கு என் மேஜையில ஒரே அர்த்தம்தான் பாய். வேற அர்த்தத்துல பேச வீட்டுல ஆள் இருந்ததில்ல."

மறுநாள் விடிந்ததில் இருந்தே தூறல். தெரு ஈரமாகிக் குளிர்ந்து கிடந்தது. யூனுஸ் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே நாற்காலியைத் துடைத்து விசிறிக்குக் கீழே நகர்த்தி வைத்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மேல வெயில் தாங்கல பாய்" என்றபடி ஈரக் குடையை மடக்கினார் கமலாம்பாள்.

"ஆமா மேடம், இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி" என்று யூனுஸ் விசிறியைப் போட்டார்.